இன்னொரு தடவையார்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நிற்பார்கள். முள் தங்களுக்குப் பிடித்த இடத்தில் நின்றால், "நல்ல மெஷின்" என்று ஒரு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். பிடிக்காத இடத்தில் நின்றால்தான் வேடிக்கை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள். சாவிக்கொத்தையும் செல்போனையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறுவார்கள். தரை கோணலோ என்று இயந்திரத்தைச் சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டு ஏறுவார்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, இயந்திரத்துக்கே தெரியாமல் ஏறுவதுபோல் பூனைக்கால் வைத்து ஏறுவார்கள். எந்த ஏற்றத்தில் முள் கொஞ்சம் இரக்கப்பட்டுப் பின்வாங்குகிறதோ, அதுதான் அவர்களுடைய உண்மையான எடை. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் இயந்திரக் கோளாறு.

இவர்களைப் பொய்யர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோபம் வந்துவிடும், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும். இவர்கள் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. சரிபார்க்கிறார்கள். சரிபார்ப்பது நல்ல பழக்கமா இல்லையா? நல்ல பழக்கம்தான். பிடிக்காததை மட்டும் சரிபார்க்கிறார்கள், அவ்வளவுதான் சங்கதி.

இந்த இனம் எல்லாத் தொழிலிலும் செழித்து வளர்கிறது. மகனுக்கு மதிப்பெண் குறைந்துவிட்டால் மறுகூட்டலுக்கு ஓடும் தகப்பனாரை நமக்குத் தெரியும். எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்துவிட்டது, கூட்டலில் ஏதோ தப்பு இருக்கிறது என்று ஓடிய தகப்பனார் ஒருவரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? ஆனால் இவர்களில் முழு வளர்ச்சி பெற்ற, கொம்பும் தந்தமும் முளைத்த ஒருவரைத் தரிசிக்க வேண்டுமென்றால் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்குத்தான் போகவேண்டும். சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட இடம் அல்லவா? மீன் தண்ணீரில்தானே பெருகும்?

வாருங்கள், இரண்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாது, படியேறித்தான் போகவேண்டும். ஸ்பிரிட் வாசனை. வரிசையாக முனகிக்கொண்டிருக்கும் குளிர்பெட்டிகள். கடைசி அறையில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருக்கிறாரே, அவர்தான் நம் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இன்னொரு தடவையார்'. அது அவருக்குத் தெரியும். தன் கறாரான குணத்துக்குக் கிடைத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் ஆராய்வது மறதி நோயை. மூளையில் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகக் கிளையுதிர்ந்து சுருங்கி, பெற்ற பிள்ளையைப் பார்த்தே "நீங்க யாரு?" என்று கேட்க வைக்கிறதே, அந்த நோய். அது சிரிக்கும் விஷயமல்ல. அதை ஆராய்கிறவர்களும் பெரும்பாலும் சிரிப்புக்குரியவர்களல்ல. பகலெல்லாம் இருட்டறையில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிற நல்ல ஜனங்கள். நம் பேராசிரியரும் நல்லவர்தான். கஷ்டமே அதில்தான் இருக்கிறது.

மூளையில் ஒரு புரதம் உண்டு. நரம்பணு கிளைவிட்டு நீளும்போது குறுக்கே வந்து 'போதும், நில்' என்று சொல்வது அதன் வேலை. அதன் அதிகாரபூர்வமான பெயர் எழுத்தும் எண்ணுமாகப் பழைய லாரியின் நம்பர் பலகைபோல் இருக்கும் என்பதால் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அதைத் 'தடை' என்றே கூப்பிடுவார்கள். நோயாளிகளின் மூளையில் இந்தத் தடை ஏராளமாக இருப்பதைப் பேராசிரியர் தன் வாலிபத்தில் பார்த்தார். பார்த்த கணத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நரம்பு ஏன் வளரவில்லை? தடை இருக்கிறது. தடையை மடக்கிவிட்டால்? வளர்ந்துவிடும். திருட்டு நடந்த வீட்டு வாசலில் போலீஸ்காரர்கள் கூட்டமாக நிற்கிறார்கள் என்பதற்காக அவர்களே திருடர்கள் என்று சொல்லிவிட முடியுமா என்று அப்போது யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர், "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

அன்றிலிருந்து தடைக்கும் அவருக்கும் ஜன்மப் பகை. மகளின் தலைமுடி நீளவில்லையா? "அங்கயும் ஒரு தடை இருக்கும், யாராவது ஆராய்ச்சி பண்ணணும்" என்பார். சாலையில் வண்டிகள் நகரவில்லையென்றால் மனைவி பக்கம் திரும்பி, மூளைக்குள்ளும் இதே கதைதான் என்று ஆரம்பிப்பார். மனைவி ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளியே பார்ப்பார். அந்த அம்மாள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். 'இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா' என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டில் எதையும் யாரிடமும் கேட்பதில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டவர்.

பேராசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு புகைப்படம் தொங்கும். கறுப்புப் பின்னணியில் பச்சைப் பச்சையாய் நரம்பணுக்கள். ஒவ்வொன்றும் நாலா பக்கமும் நீள நீளமாய்க் கிளைவிட்டு, மழைக்குப் பிறகு புதர் மண்டியதுபோல் செழித்து நிற்கும். தடையை மடக்கும் மருந்தைப் போட்டு நரம்பணு வளர்த்த தட்டு அது. பழைய மாணவர் ஒருவர் ஒரே ஒரு தடவை செய்தார், ஒரே ஒரு படம் எடுத்தார். பேராசிரியர் பார்த்தார், கண் கலங்கினார், சட்டம் போட்டு மாட்டிவிட்டார். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அவர் ஏறாத மேடையில்லை. அப்போது மட்டும் 'இன்னொரு தடவை' என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. பிடித்த இடத்தில் முள் நின்றுவிட்டது. இறங்கிப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் மாணவி வருகிறாள். அமைதியான பெண், ஆனால் அசையாத பெண். நோயாளிகளின் தோலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, அதை நரம்பணுக்களாக மாற்றி, பிறந்த குழந்தையை வளர்ப்பதுபோல் தட்டில் வளர்த்து, பாதித் தட்டுகளுக்கு மருந்தும் பாதித் தட்டுகளுக்கு வெறும் உப்புநீரும் ஊற்றிப் பார்ப்பது அவளுக்குக் கொடுத்த வேலை. முதல் வாரத்தில் எல்லாம் பேராசிரியர் சொன்னபடியே நடந்தது. மருந்து போட்ட தட்டில் கிளைகள் குபுகுபுவென்று நீண்டன. பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். அந்தக் காபியோடு அவள் நிறுத்தியிருந்தால் இந்நேரம் டாக்டர் பட்டத்தோடு வீட்டில் இருந்திருப்பாள். கெட்ட நேரம், தட்டுகளைக் கழுவாமல் இன்குபேட்டரிலேயே விட்டுவைத்து அடுத்தடுத்த வாரங்களிலும் பார்த்தாள்.

பார்த்தது இதுதான். மருந்து போட்ட தட்டில் கிளைகள் நீண்டன, நீண்டன, நீண்டுகொண்டே போயின. எங்கேயும் நிற்கவில்லை. நிற்காததால் பக்கத்து அணுவோடு கைகோக்கவும் இல்லை. கைகோக்காத நரம்பணுவுக்கு ஆயுள் கிடையாது; கொஞ்ச நாளில் அந்த நீண்ட கிளைகள் புள்ளி புள்ளியாய் உடைந்து உதிர்ந்தன. வெறும் உப்புநீர் ஊற்றிய தட்டிலோ, கிளைகள் கட்டையாய்த்தான் இருந்தன. ஆனால் தடை 'நில்' என்று சொன்ன இடத்தில் நின்றன, நின்ற இடத்தில் பக்கத்து அணுவைப் பிடித்துக்கொண்டன, பிழைத்துக்கொண்டன. வளரும் வயதில் நரம்புக்கு அந்த 'நில்' வேண்டியிருந்தது. தடை வில்லன் இல்லை.

அவள் இதைக் கொண்டுபோய்ச் சொன்ன அன்று பேராசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அக்கறையாக, பரிவாக, உடம்பு சரியில்லாத குழந்தையை விசாரிப்பதுபோல் விசாரித்தார். தண்ணீர் எந்த ஃபில்டரில் பிடித்தது? ஊட்டத் திரவம் எப்போது வந்தது? இன்குபேட்டர் கதவை யாராவது திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசினார்களா? மைக்ரோஸ்கோப் விளக்கு மாற்றி எவ்வளவு நாளாகிறது? கடைசியில் தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இன்னொரு தடவை பார்த்துடலாம்மா."

பார்த்தாள். அதே முடிவு. இந்த முறை ஈரப்பதம் காரணம். மறுபடி பார்த்தாள். தட்டு தயாரித்த கம்பெனி காரணம். வேறு கம்பெனித் தட்டு வந்தது. அணுக்கள் கம்பெனி பார்க்காமல் அதேபோல் உதிர்ந்தன. அப்போது மின்சாரம் காரணமானது, பிறகு மேல்மாடியில் நடந்த கட்டட வேலையின் அதிர்வு காரணமானது, பிறகு காரணங்கள் தீர்ந்துபோய்ப் பேராசிரியர் அவள் கையைப் பார்த்தார். செல் வளர்ப்பதற்கென்று ஒரு கை வேண்டும், சிலருக்கு அது அமைவதில்லை என்றார். கைராசி! நேரம் காலம் பார்க்கிறவர்களை மேடையில் வைத்துக் கிழி கிழியென்று கிழிக்கும் மனிதர், செல் வளர்க்கும் அறைக்குள் நின்றுகொண்டு ஒரு பெண்ணின் கைராசியைப் பேசினார். பேசுவது என்னவென்று அவர் காதுக்கே கேட்கவில்லை.

இதில் வேடிக்கை பார்க்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது. அவளுக்கு வரவில்லை. அந்தப் பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டில் பேராசிரியரின் கையெழுத்து விழாவிட்டால் அவளுடைய பதிவு காலாவதியாகிவிடும். அத்தனை வருஷ உழைப்பும் கழுவிய தட்டு மாதிரிதான். வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வகம் அவளுக்காக ஒரு வேலையைக் காலியாக வைத்திருந்தது, அவர்களும் எத்தனை நாள்தான் வைத்திருப்பார்கள்? அம்மா போனில் பேசும்போதெல்லாம், சொந்தக்காரர்கள் 'இன்னுமா படிக்கிறா?' என்று கேட்பதைச் சொல்லாமல் சொல்வார். அழ வேண்டும்போல் இருந்தால் அவள் குளிர் அறைக்குப் போவாள். அங்கே யாரும் அதிக நேரம் நிற்க மாட்டார்கள். அழுதாலும் ஜலதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் சண்டை போட்டிருப்பார்கள், அல்லது அவர் விரும்பியபடி முதல் வாரத்துப் படங்களை மட்டும் ஒட்டி ஆய்வேட்டை முடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஓடியவர்களும் உண்டு, பெயர் வேண்டாம். அவள் குளிர் அறையில் நின்று யோசித்தாள். இவர் பொய் சொல்கிறவர் இல்லை. குறை கண்டுபிடிப்பதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. என்ன, முடிவைத் தெரிந்துகொண்ட பிறகுதான் குறை கண்டுபிடிக்க உட்காருகிறார். வரிசையை மாற்றிவிட்டால்?

மறுநாள் அவர் எதிரில் போய் நின்றாள். ஆய்வு மாணவிகளுக்கே உரிய பவ்யத்தோடு, ஒரு புது ஏற்பாட்டைச் சொன்னாள். எது மருந்துத் தட்டு, எது உப்புநீர்த் தட்டு என்று யாருக்கும் தெரியாதபடி மறைத்துவிடலாம். நாள் வந்ததும் பேராசிரியரே எல்லாத் தட்டுகளையும் பார்க்கட்டும்.

"குறை என்ன இருக்கோ எல்லாத்தையும் முதல்ல சொல்லிடுங்க சார். எந்தத் தட்டுல குறையோ அதைத் தூக்கிப் போட்டுடலாம். எது எதுன்னு அப்புறமா திறந்து பார்ப்போம்."

பேராசிரியருக்கு ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. இதைத்தான் அவர் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததாக அவருக்கே தோன்றியது. ஆனால் மறைக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது? பக்கத்து அறைப் பேராசிரியர் பரம எதிரி. எதிர் அறைக்காரர் நண்பர்தான், அதனாலேயே நம்ப முடியாது. மற்ற மாணவர்கள் அவள் கட்சி. உலகத்தில் நேர்மையானவர் என்று அவர் ஒப்புக்கொள்ளும் ஆள் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். "என் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுவோம்" என்றார். "அவகிட்ட ஒரு விஷயம் போச்சுன்னா அவ்வளவுதான். கல்யாணமான புதுசுல என்னைப் பத்தி என்ன நினைச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அந்த அம்மாள் தன் விடுமுறை நாளில் வந்தார். தட்டுகளின் அடியில் மாணவி விவரம் எழுதியிருந்தாள். எழுதியது சரிதான் என்று ஒவ்வொரு தட்டிலும் பேராசிரியர் தன் பச்சை மையில் சுருக்கொப்பமும் போட்டிருந்தார். மருந்தையும் உப்புநீரையும் அவள் ஊற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு அம்மாள் இருவரையும் அறையைவிட்டு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் தொழிலில் இது சர்வசாதாரணம். கண் சரியாக இருப்பதாகச் சான்றிதழ் வேண்டி வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போதே பலகையிலுள்ள எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்பதால், உட்காரவைத்த பிறகு பலகையை மாற்றிவிடுவது அவர் வழக்கம். எல்லா விவரத்தின்மேலும் கறுப்பு டேப் ஒட்டி, ஆசை தீர இடம் மாற்றிக் கலைத்து, மூடிமேல் வண்ண வண்ணமாய்ப் பொட்டு வைத்து, இன்குபேட்டரில் அடுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். கணவர் வாசல்வரை கூடவே போய் ஏதாவது கேட்க நினைத்தார். கேட்கவில்லை. கேட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது.

குறித்த நாள் வந்தது. அம்மாளும் வந்து ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார், டேப்பைப் பிரிப்பது தன் பொறுப்பென்று. பேராசிரியர் தட்டு தட்டாகப் பார்த்தார். இவர் ஏன் பேராசிரியர் ஆனார் என்பதை அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு தட்டின் ஓரத்தில் பூஞ்சை தொற்றியிருப்பதை, வேறு யார் கண்ணுக்கும் படாததை, பார்த்த மாத்திரத்தில் பிடித்து ஒதுக்கினார். இன்னொன்றில் திரவம் ஒரு துளி குறைவு என்று ஒதுக்கினார். மற்றவை? மற்றவற்றைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. பாதித் தட்டுகளில் நரம்பணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலைபின்னியிருந்தன, உயிரோடு பளிச்சென்று இருந்தன. மீதித் தட்டுகளில் பொடிப்பொடியாய் உதிர்ந்து கிடந்தது குப்பை.

அவருக்குச் சந்தேகமே இல்லை. செழித்தவை மருந்துத் தட்டுகள், செத்தவை தடையிடம் மாட்டியவை. கடைசியில் விடிந்துவிட்டது! தண்ணீர் பிரமாதம் என்றார், திரவம் பிரமாதம் என்றார், இன்குபேட்டரை ஒரு தட்டு தட்டிக்கொடுத்தார். அதோடு விட்டாரா? "இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததே இல்லம்மா. கை வந்துடுச்சு உனக்கு" என்றார். மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அந்தப் பாராட்டு வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் கேட்ட முதல் பாராட்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளப்படும் என்பது தெரிந்தும் வேண்டியிருந்தது.

"வேற குறை ஏதாவது இருக்கா சார்?"

"ஒண்ணும் இல்லை. பிரிக்கச் சொல்லு."

அம்மாள் செழித்திருந்த தட்டு ஒன்றைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, நகத்தால் டேப்பை உரித்தார். கண்ணை இடுக்கிப் படித்தார். "உப்புநீர்." பேராசிரியர் சிரித்தார். ஒன்றிரண்டு அப்படி விதிவிலக்காக வருவதுண்டு. அடுத்த தட்டு. "உப்புநீர்." அடுத்தது. "இதுவும்." அவர் குரலில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, கடையில் பலகையின் எழுத்துகளைப் படித்துக் காட்டும் அதே குரல். உதிர்ந்து கிடந்த தட்டுகளுக்கு வந்தார். மருந்து. மருந்து. மருந்து. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சை மையில் கணவரின் சுருக்கொப்பம் சிரித்துக்கொண்டிருந்தது.

பேராசிரியரின் வாய் தானாகத் திறந்தது. "இன்னொரு..." என்று அது ஆரம்பித்தது. கண்கள் அறையைச் சுற்றின. தண்ணீரைப் பார்த்தார், அதைப் பிரமாதம் என்று சொல்லியாகிவிட்டது. இன்குபேட்டரைப் பார்த்தார், தட்டிக்கொடுத்த கை இன்னும் சூடாக இருந்தது. மாணவியின் கையைப் பார்த்தார். கை வந்துவிட்டது என்று இப்போதுதானே சொன்னோம்? மிஞ்சியது மனைவி. ஒட்டும்போது மாறிப்போயிருக்குமோ என்று அவரைப் பார்த்து இழுத்தார். அடியில் எழுதியிருந்ததற்கும் டேப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"எங்க கடைக்கு வர்றவங்களும் இப்படித்தாங்க" என்றார் அம்மாள். "கடைசி வரி தெரியலைன்னா போர்டு மங்கிப்போச்சும்பாங்க. தெரிஞ்சவங்க யாரும் போர்டைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை."

அந்த மனிதருக்காக நாம் கொஞ்சம் வருத்தப்படத்தான் வேண்டும். வாலிபத்திலிருந்து ஒரே புரதத்தோடு மல்லுக்கு நின்றவர். எத்தனையோ குடும்பங்கள் வந்து, அப்பாவுக்கு ஏதாவது வழியிருக்கா என்று கேட்டபோதெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி நம்பிக்கை சொன்னவர். அவர் மனதில் அப்போது ஓடியது பட்டமோ மேடையோ அல்ல, அந்தக் குடும்பங்களின் முகங்கள். அவர் மெதுவாகத் திரும்பித் தன் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய படத்தைப் பார்த்தார். குறை தேடும் கண்களோடு அதை அவர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"இந்தப் படம் எடுத்த அப்புறம் அந்தத் தட்டு என்ன ஆச்சு?"

"தெரியலை சார்" என்றாள் மாணவி. "அது முதல் வாரத்துல எடுத்த படம். அதுக்கப்புறம் யாரும் பார்க்கலை."

"ஏன் பார்க்கலை?"

"தேவைப்படலை சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடியை. பிறகு ஆய்வேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அவள் அதைப் பையிலேயே வைத்திருந்தாள். அவர் முடிவுரையைப் படித்தார், ஒரு காற்புள்ளியைத் திருத்தினார், இல்லாவிட்டால் உயிர் போய்விடுமே, கையெழுத்துப் போட்டார். அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பழக்கதோஷத்தில் நேரே குளிர் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தாள். அழவேண்டிய காரணம் ஒன்றும் இல்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. ஆனாலும் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதாள்.

அவள் இப்போது அந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நன்றாக இருக்கிறாள். பேராசிரியர் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? அதை எப்படிச் சொல்வது? படம் இப்போதும் அதே இடத்தில்தான் தொங்குகிறது. அடியில் மட்டும் புது வாசகம்: 'தடையில்லா வளர்ச்சியின் ஆபத்து'. தடை நரம்பின் உற்ற தோழன் என்பது தனக்கு வாலிபத்திலிருந்தே ஒரு சந்தேகமாக இருந்துவந்தது என்று அதே படத்தை வைத்து அவர் மேடைதோறும் பேசுகிறார், கூட்டம் கைதட்டுகிறது. சென்ற வாரம் புது மாணவன் ஒருவன் வந்தான். வயது முதிர்ந்த நரம்பணுக்களில் தடை அவ்வளவு நல்ல தோழனாகத் தெரியவில்லை, அங்கே மருந்து கொஞ்சம் உதவுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தண்ணீர் எந்த ஃபில்டரில் பிடித்தது என்று பரிவாக விசாரித்தார்.

பாவம், விட்டுவிடுவோம் அவரை. நாம் நம் கதைக்கு வருவோம். இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்குமே? மேலதிகாரியோ, மைத்துனரோ, மாமனாரோ, யாரோ ஒருவர். 'அச்சு அசல் அவரேதான்' என்று மனதுக்குள் சிரித்திருப்பீர்கள். அந்த முகம் உங்களுடையதாக இல்லை. நிம்மதியான முடிவு. பளிச்சென்று வந்த முடிவு. நான் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அதை இன்னொரு தடவை சரிபார்த்தீர்களா?